திரை பொய் சொல்லும் நாளுக்கும் ஒத்திகை பாருங்கள்: மாவட்ட நெருக்கடிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர்களுக்கும், இரசாயன விபத்துகளைச் சமாளிக்க அவர்கள் தலைமையில் இயங்கும் மாவட்ட நெருக்கடிக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 மே 7 அன்று நாடு முழுவதும் போர்க்கால ஒத்திகை நடந்தபோது இங்கே சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடத்தினார்கள். நடத்தியது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அன்று ஒத்திகை பார்த்தது வானத்திலிருந்து விழும் குண்டுக்கு. இராயபுரத்திலிருந்து காட்டுப்பள்ளிவரை குடியிருக்கும் எங்களுக்குக் குண்டு விழவேண்டிய அவசியமே இல்லை. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் இங்குள்ள ஓர் ஆலையின் கண்ட்ரோல் ரூம் கணினிக்குள் புகுந்து ஒரு வால்வைத் திறந்துவிட்டால் போதும். உங்கள் வெளிவளாக அவசரகாலத் திட்டத்தில், அதாவது ஆலை மதிலுக்கு வெளியே இருப்பவர்களைக் காக்கும் திட்டத்தில், அந்த நாளுக்கென்று ஒரு பக்கமாவது இருக்கிறதா? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் மணலி வட்டாரத்தில் ஆலையின் அளவீட்டுக் கருவிகளைக் கவனிக்கும் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிரான்ஸ்மிட்டர், கண்ட்ரோல் வால்வு, இன்டர்லாக் இவைதான் எனக்குச் சோறு போட்டன. எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். இப்போது எர்ணாவூரில் இருக்கிறேன். மாடியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புகைபோக்கிகள்.

எங்கள் பகுதியை வரைபடத்தில் பாருங்கள். தெற்கே சென்னைத் துறைமுகம். அங்கிருந்து மணலிச் சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெய்க் குழாய் ஓடுகிறது. மணலியில் உரமும் பெட்ரோகெமிக்கலும். எண்ணூரில் காமராஜர் துறைமுகமும் எல்.என்.ஜி. எனப்படும் திரவ இயற்கை எரிவாயு முனையமும். அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம், அருகிலேயே வல்லூர். காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம், பக்கத்தில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். ஒரு மாநிலத்தை முடக்க நினைப்பவன் தேடும் அத்தனையும் ஒரே கடற்கரைச் சாலையில் கிடைக்கின்றன. எதிரிக்கு இது தெரியாது என்று நினைக்கவேண்டாம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டபோது முதலில் குறிவைத்தது துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைத்தான்.

சைபர் தாக்குதல் என்றால் வங்கிக் கணக்கில் பணம் போவது, இணையதளத்தில் எவனோ கொடி ஏற்றிவிட்டுப் போவது என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். அதிகாரிகளும் அப்படி நினைத்தால் ஆபத்து. ஈரானின் நடான்ஸ் யுரேனியச் செறிவூட்டு நிலையத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் (கணினிக்குள் புகுந்து நாசம் செய்யும் நிரல்), மையவிலக்கு இயந்திரங்களை ஓட்டிய கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் புகுந்து அவற்றின் வேகத்தை ஏற்றி இறக்கி உடைத்தது. உடைத்ததைவிட என்னை உறுத்துவது அது செய்த இன்னொரு வேலை. இயந்திரங்கள் ஒழுங்காக ஓடிய நேரத்து அளவுகளைப் பதிந்து வைத்துக்கொண்டு, உள்ளே நாசவேலை நடந்த நேரம் முழுக்க அந்தப் பழைய அளவுகளையே அனுப்பிக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்ததாகப் பரவலாக நம்பப்படுகிறது. இருவருமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டதில்லை.

ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் கொடுமை சட்டென்று புரியும். ஒரு தொட்டியின் அழுத்தம் கண்ட்ரோல் ரூம் திரையில் ஓர் எண்ணாகத் தெரிகிறது. அதே தொட்டியின் மேலேயே, உப்புக்காற்றில் விளிம்பு துருப்பிடித்து, முள் வைத்த கேஜ் ஒன்றும் இருக்கும். இரவு ஷிஃப்டில் ஃபீல்டு ஆபரேட்டர் ஏணியில் ஏறி, டார்ச் அடித்து, கையுறையால் கண்ணாடியைத் துடைத்து முள்ளைப் பார்ப்பார். வாக்கி டாக்கியில் கேட்பார்: “வெளியே எட்டு காட்டுகிறது, உள்ளே எவ்வளவு?” உள்ளேயும் எட்டு என்றால் லாக் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போவார். ஆறு என்று பதில் வந்தால் தூங்கிக்கொண்டிருக்கும் எங்களை எழுப்புவார்கள். இந்தக் கேள்விக்கு யாரும் சைபர் பாதுகாப்பு என்று பெயர் வைத்ததில்லை. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய சைபர் பாதுகாப்பு ஓர் ஆலையில் கிடையாது. திரைக்குள் புகுந்தவனால் முள்ளை அசைக்க முடியாது.

ஆனால் செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது அங்கேதான். ‘எல்லாம் டி.சி.எஸ்.ஸில் வருகிறதே, எதற்கு இந்த கேஜ்?’ என்று கேட்பார்கள். ஆலையை ஓட்டும் கணினிக் கட்டுப்பாட்டு அமைப்புதான் டி.சி.எஸ். பழுதானதை மாற்றமாட்டார்கள். அளவு சரிபார்த்ததைக் காட்டும் கேலிப்ரேஷன் ஸ்டிக்கரில் தேதி மங்கிப்போயிருக்கும். இரண்டு ஃபீல்டு ஆபரேட்டர் இருந்த இடத்தில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி நிற்பார். அவருக்கு எந்த முள் எங்கே நிற்கவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரிகள் உங்கள் குழுவில் இருக்கிறார்கள். அடுத்த ஆய்வின்போது அவர்கள் கோப்புகளைப் பார்ப்பதோடு நிற்காமல், அம்மோனியா, குளோரின், எல்.பி.ஜி. தொட்டிகளின் கேஜ்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று ஏணியில் ஏறிப் பார்க்கட்டும்.

அதே ஆய்வில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ஆலைகளில் ஓட்டத்தைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்று, ஆபத்து வந்தால் ஆலையைத் தானே டிரிப் செய்து நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு ஒன்று என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும். 2017இல் சவூதி அரேபியாவின் பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றில் அந்தக் கடைசிக் காவலனையே குறிவைத்தார்கள். டிரைட்டன் என்று அந்தத் தீநிரலுக்குப் பெயர். அந்தப் பாதுகாப்பு அமைப்புப் பெட்டியின் முகப்பில் ஒரு சாவித்துளை உண்டு. சாவி ‘ரன்’ நிலையில் இருந்தால் உள்ளிருக்கும் நிரலை யாரும் மாற்ற முடியாது. ‘புரோகிராம்’ நிலையில் இருந்தால் மாற்றலாம். அந்த ஆலையில் சாவி ‘புரோகிராம்’ நிலையிலேயே விடப்பட்டிருந்தது. வந்தவனின் நிரலிலேயே கோளாறு இருந்ததால் ஆலை பாதுகாப்பாக நின்றுபோனது, விஷயமும் வெளியே வந்தது. இல்லையென்றால் அடுத்த முறை அழுத்தம் ஏறும்போது ஆலையை நிறுத்த எதுவும் இருந்திருக்காது. 2020இல் இதற்காக ரஷ்ய அரசின் ஆய்வு நிறுவனம் ஒன்றின்மேல் அமெரிக்கா தடை விதித்தது.

சாவியை அப்படி யார் விடுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நாங்கள் நினைக்கமாட்டோம். வேலைக்கு பெர்மிட் வாங்கி, ஷிஃப்ட் இன்சார்ஜிடம் கையெழுத்துப் போட்டுச் சாவி எடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப ஒப்படைக்கவேண்டும். நாளைக் காலையிலும் இதே வேலை இருக்கிறது, எதற்கு மறுபடி இவ்வளவு என்று தோன்றும் சாயங்காலம் எந்த ஆலையிலும் வரும். அந்த ஒரு சாயங்காலம் ஆறு மாதமாக நீளும். மணலியில் ஒரு சாவி திரும்பியிருப்பதை டெல்லியிலுள்ள எந்தச் சைபர் பாதுகாப்பு அமைப்பாலும் பார்க்க முடியாது. உங்கள் ஆய்வாளரால் முடியும்.

கையால் இயக்கத் தெரிந்த ஆள்கள் ஏன் வேண்டும் என்பதற்கு உக்ரைன் சாட்சி. 2015 டிசம்பர் 23 பிற்பகல், அங்கே மூன்று மின்விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைகளுக்குள் தாக்குதல்காரர்கள் புகுந்தார்கள். ஆபரேட்டர்களின் கண்ணெதிரே மவுஸ் சுட்டி தானாக நகர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தது. தடுக்கப் பார்த்தவர்களின் கணினிகள் கைக்கு அடங்கவில்லை. சுமார் 2,25,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. மின்சாரம் சில மணி நேரத்தில் திரும்பிவிட்டது. கணினியைச் சரிசெய்ததால் அல்ல. ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணைமின் நிலையங்களுக்கு ஓடி, பிரேக்கர்களைக் கையால் போட்டார்கள். பழைய காலத்து ஏற்பாடு இன்னும் கழற்றப்படாமல் இருந்தது, அதை இயக்கத் தெரிந்தவர்களும் ஓய்வு பெறாமல் இருந்தார்கள். இங்கே நவீனமயம் என்ற பெயரில் அங்கேயே நின்று கையால் இயக்கும் லோக்கல் பேனல்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிற்பகல்தான் நினைவுக்கு வருகிறது.

அந்தத் தாக்குதலில் இன்னொரு சூழ்ச்சியும் இருந்தது. நுகர்வோர் அழைக்கும் தொலைபேசி எண்களில் போலி அழைப்புகளைக் குவித்து, உண்மையாகக் கூப்பிட்டவர்களுக்கு இணைப்புக் கிடைக்காமல் செய்தார்கள். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு வயாசாட் செயற்கைக்கோள் இணையத்தின் மோடம்களை ஆயிரக்கணக்கில் செயலிழக்கச் செய்தார்கள். எங்கோ ஜெர்மனியில் 5,800 காற்றாலைகள்கூடத் தொலைக் கண்காணிப்பை இழந்தன. முதல் அடி தகவல் தொடர்பில்தான் விழுகிறது. இப்போது உங்கள் திட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். குறுஞ்செய்தி அனுப்புவோம், கட்டுப்பாட்டு அறை எண்ணுக்கு அழைக்கலாம், வாட்ஸ்அப் குழுவில் தெரிவிப்போம் என்று இருக்கிறதென்றால், எதிரி முதலில் எதை வெட்டுவானோ அதையே நம்பி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

போர் எதுவும் இல்லாத நாளிலேயே எங்கள் நிலைமை என்ன? 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களை எழுப்பியது நெடிதான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, எந்தத் திசையில் ஓடுவது என்று தெரியாமல் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடவேண்டும், காற்று வீசும் திசைக்குக் குறுக்கே போகவேண்டும் என்ற இரண்டு வரியை முன்கூட்டியே சொல்ல எவ்வளவு செலவாகியிருக்கும்? 1989ஆம் ஆண்டின் அபாயகரமான இரசாயன விதிகளே இதைச் சொல்கின்றன. வெளியே இருப்பவர்களுக்கு ஆபத்தின் தன்மையையும் செய்யவேண்டியதையும் ஆலை தெரிவிக்கவேண்டும், வெளிவளாகத் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை நடக்கவேண்டும். ஒவ்வொரு குப்பத்துக்கும் கையால் சுழற்றும் சைரன் ஒன்று கொடுங்கள். மின்சாரம் வேண்டாம், சிம் கார்டு வேண்டாம், அதற்குள் எவனாலும் நுழைய முடியாது.

துறைமுகங்களுக்கு வருகிறேன். 2017 ஜூன் 27 அன்று உக்ரைனின் கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாக நோட்பெட்யா என்ற தீநிரல் புறப்பட்டது. ரஷ்ய ராணுவத்தின் வேலை என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பின்னர் அறிவித்தன. குறி உக்ரைன், அடி உலகத்துக்கு. மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனத்தின் 76 முனையங்களில் 17 முடங்கின. நவி மும்பையின் ஜவஹர்லால் நேரு துறைமுகத்திலும் ஒரு முனையம் நின்றது. உலகம் முழுக்கச் சேதம் ஆயிரம் கோடி டாலர் என்று அமெரிக்கத் தரப்பு மதிப்பிட்டது. மெர்ஸ்க் மீண்டெழ உதவிய கணினித் தரவின் ஒரு நகல் கானாவில் கிடைத்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு. கணினி அணைந்திருந்ததால் தப்பியது. மின்வெட்டுக்கு நன்றி சொன்ன ஒரே நிறுவனம் அதுவாகத்தான் இருக்கும். 2020 மே மாதம் ஈரானின் ஷாஹித் ரஜாயி துறைமுகக் கணினிகள் தாக்கப்பட்டபோது லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டின.

லாரி வரிசை எங்களுக்குப் புதிதல்ல. எண்ணூர் நெடுஞ்சாலையில் கணினி ஒழுங்காக ஓடும் நாளிலேயே ஆம்புலன்ஸ் நகர முடிவதில்லை. என் கவலை வரிசையில் நிற்கும் பெட்டிகளுக்குள் இருப்பதைப் பற்றியது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான், மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் 2015 முதல் கிடந்தது எங்களுக்குத் தெரியவந்தது. கணினி ஓடிய காலத்திலேயே இந்த இலட்சணம் என்றால், கணினி நின்ற நாளில் தீயணைப்பு வீரருக்கு எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? அபாயச் சரக்குள்ள பெட்டிகளின் எண், இடம், பொருள் மூன்றையும் தினமும் மாலையில் ஒரு தாளில் அச்சிட்டு, கிடங்கு வாசலிலும் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திலும் வைக்கச் சொல்லுங்கள். ஒரு தாள்தான்.

கடலையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரைக்கு வந்த எண்ணெயை வாளியால் அள்ளினோம். அது விபத்து. 2025 ஜூனில் இஸ்ரேல்-ஈரான் மோதல் நடந்தபோது ஹோர்முஸ் நீரிணை அருகே இரண்டு டாங்கர்கள் மோதிக்கொண்டன. அந்த நாள்களில் அங்கே ஜி.பி.எஸ். குறுக்கீடு கடுமையாக இருந்தது. காசிமேட்டு விசைப்படகுகளும் ஜி.பி.எஸ். பார்த்துத்தான் கரை திரும்புகின்றன. மீன்வளத்துறை இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

இனி, சொல்லத் தயங்கும் விஷயம். தாக்குதல் நடந்தால் எங்களிடம் உண்மையைச் சொல்வீர்களா? 2019 அக்டோபரில் கூடங்குளம் கணினியில் தீநிரல் என்று செய்தி வந்ததும் முதலில் மறுத்தார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாகப் பிணையத்திலிருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது, உலையின் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படவில்லை. இரண்டாம் நாள் சொன்ன உண்மையை முதல் நாளே சொல்லியிருந்தால் யாரும் பயந்திருக்கமாட்டார்கள். 2021இல் ரெக்கார்டட் ஃபியூச்சர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் அறிக்கை, சீனாவோடு தொடர்புள்ள குழு ஒன்று நம் மின்பகிர்மான மையங்களையும் இரண்டு துறைமுகங்களையும் குறிவைத்ததாகச் சொன்னது. அவற்றில் ஒன்று நம் தூத்துக்குடி. 2020 அக்டோபர் 12 மும்பை மின்தடைக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டார்கள். மனிதத் தவறே காரணம் என்றார் அன்றைய மின்துறை அமைச்சர். எது எப்படியோ, ஊருக்கு விவரம் வெளிநாட்டு அறிக்கையிலிருந்து வந்தது.

2022 ஏப்ரலில் வந்த உத்தரவின்படி, இத்தகைய ஊடுருவலை நிறுவனங்கள் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும். டெல்லிக்கு ஆறு மணி நேரம். மதிலுக்கு வெளியே குடியிருப்பவனுக்கு? இரகசியம் கேட்கவில்லை. எந்த ஓட்டை வழியாக வந்தான், எந்தக் கணினி என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டாம். ‘இந்த ஆலை இன்று கணினியை நம்பாமல் கையால் இயங்குகிறது, எச்சரிக்கையாக இருங்கள்’ என்ற ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லாமல் விட்டால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். 2025 மே மாதம் நாட்டின் மின்கட்டமைப்பில் 70 சதவீதம் சைபர் தாக்குதலில் முடங்கிவிட்டது என்று பரப்பினார்கள். பத்திரிகைத் தகவல் அலுவலகம் பொய் என்று மறுக்கவேண்டியிருந்தது. எம்டன் சுட்டது அரைமணி நேரத்துக்கும் குறைவு. அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் பல நாள் ஊரைக் காலிசெய்துகொண்டே இருந்தார்கள்.

எங்கள் தெருப் பையன்கள் கேட்கிறார்கள், ‘நாமும் அவர்களுடைய ஆலையை முடக்கினால் என்ன?’ என்று. அது இராணுவத்தின் வேலை, அதற்கென்று பாதுகாப்புச் சைபர் முகமை இருக்கிறது. ஆனால் 2024 ஜனவரிக் குளிரில் உக்ரைனின் லிவிவ் நகரில் 600 குடியிருப்புக் கட்டடங்களைச் சூடாக்கும் வெந்நீரை நிறுத்தியதும் இதே வகைத் தாக்குதல்தான். ஈரானின் எஃகு ஆலையில் 2022இல் உருகிய இரும்பைக் கொட்டவைத்துவிட்டு அந்தக் காணொளியையும் வெளியிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்ட என்னால் முடியவில்லை. அந்த ஆலை மதிலுக்கு வெளியேயும் ஓர் எர்ணாவூர் இருக்கும்.

பன்னாட்டுச் சட்டமும் எங்களுக்குப் பெரிய துணை இல்லை. ஜெனீவா உடன்பாடுகளின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை அணைகளுக்கும் அணுமின் நிலையங்களுக்கும் சிறப்புப் பாதுகாப்புத் தருகிறது. இரசாயன ஆலைகள் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த நெறிமுறையில் இந்தியா சேரவும் இல்லை. ஆகவே எங்களுக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பு உங்கள் அலுவலக அலமாரியில் இருக்கும் அந்தத் திட்டம் மட்டும்தான். எண்ணூர் முகத்துவாரத்தின் தென்கரை ஒரு மாவட்டம், வடகரை இன்னொரு மாவட்டம் என்பதால் திட்டமும் இரண்டு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியதுண்டா?

இந்த ஆண்டு ஒத்திகையை எண்ணூரிலோ மணலியிலோ, இரவு ஷிஃப்டில் வையுங்கள். ஆட்சியர் வருகிறார் என்று முன்கூட்டியே சொல்லி, வெள்ளையடித்து, சாமியானா போடும் ஒத்திகை வேண்டாம். கண்ட்ரோல் ரூமுக்குள் போய், ‘இந்தத் திரையில் தெரிவது எல்லாம் பொய், தொலைபேசியும் இல்லை, இப்போது ஆலையைப் பாதுகாப்பாக நிறுத்துங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். அதே நேரத்தில் குப்பத்தில் சைரன் கேட்கிறதா, மக்கள் சரியான திசையில் நடக்கிறார்களா என்று பார்க்க இன்னொருவரை அனுப்புங்கள். என்ன நடந்தது என்பதைத் தமிழில் எழுதி வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். 1996ஆம் ஆண்டின் விதிப்படி, கேட்டால் தகவல் தரவேண்டிய பொறுப்பு நெருக்கடிக் குழுக்களுக்கு இருக்கிறது. இந்த மடலையே கேட்டதாக வைத்துக்கொள்ளலாம். கையால் ஆலை ஓட்டத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆபரேட்டர்களும் டெக்னீஷியன்களும் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் தெருக்களில் நிறையப் பேர் இருக்கிறோம். ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் காசு கேட்கமாட்டோம். தேதியை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்,
எர்ணாவூர்